பைத்தான் ஆர்க்பார்ஸில் தமிழ் ஆப்ஷன்: "-கா80" கொடுத்தால் கடைப் பெயர் "ா80" ஆகிறது

சிவகாசி_அட்டை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பாதி விவரம் சொன்னால் மீதியை நீங்கள் கேட்டு வாங்க வேண்டிவரும்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆர்டர் பிரிவில் இருக்கிறேன். படித்தது பி.காம்., பைத்தான் வீடியோ பார்த்துக் கற்றது. இங்கே ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருட ஆல்பம் வந்துவிடும். அதிலிருந்து டிசம்பர் வரை ஆர்டர்தான். ஒரே டிசைன் மளிகைக்கடைக்கு ஐநூறு, நகைக்கடைக்கு மூவாயிரம் என்று போகும். படம் மாறாது, அடியில் வரும் கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் மட்டும் மாறும். அதைப் பொருத்திப் புரூஃப் பிடிஎஃப் எடுத்துத் தர ஒரு கன்சோல் நிரல் எழுதியிருக்கிறேன்.

நிரலை ஓட்டப்போவது டிடிபி அறையில் இருக்கும் இரண்டு அக்காக்கள். தமிழ்99 விசைப்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். ஆங்கிலத்தில் ஆப்ஷன் வைத்தபோது ஒவ்வொரு தடவையும் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் அடித்தார்கள். அதனால் ஆப்ஷன் பெயர்களைத் தமிழுக்கு மாற்றினேன். கட்டளையில் வரும் ஆப்ஷன்களைப் பிரித்துத் தரும் பைத்தான் தொகுப்பான ஆர்க்பார்ஸ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அப்படியே ஏற்றுக்கொண்டது. இப்போது கட்டளை இப்படி இருக்கிறது:

காலண்டர் --கடை "செல்வி ஸ்டோர்" --படம் மயில் --காகிதம் 80 --எண்ணிக்கை 1500 --வெளியீடு "டி:\ஆர்டர்"

சுருக்கமும் வைத்திருக்கிறேன்: கடைக்கு -க, காகித ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) -கா, படத்துக்கு -ப, எண்ணிக்கைக்கு -எ, வெளியீட்டுக்கு -வெ.

என் லேப்டாப்பில் உபுண்டு, பைத்தான் 3.11. டிடிபி அறையில் விண்டோஸ் 10, அதே 3.11. டிசைனர் மேக் வைத்திருக்கிறார், படங்களை ஜிப் செய்து அனுப்புவார்.

மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று. "-கா 80" என்று இடைவெளி விட்டால் சரியாக வேலை செய்கிறது. ஒரு அக்கா இடைவெளி விடாமல் "-கா80" என்று அடிப்பார். அப்போது பிழை எதுவும் வருவதில்லை. காகிதம் வழக்கமான அளவுக்குப் போய்விடுகிறது, கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ா80" என்று, புள்ளி வட்டத்தோடு, புரூஃபில் வந்து நிற்கிறது. முன்னாடியே கொடுத்த கடைப் பெயரையும் அது அழித்துவிடுகிறது.

இரண்டு. விண்டோஸில் மட்டும். அக்காக்கள் டபுள் கிளிக் செய்ய, கட்டளையை எழுதி வைத்த ஒரு பேட்ச் கோப்பு வைத்திருக்கிறேன். அது தான் இருக்கும் ஃபோல்டரையே வெளியீடாகக் கொடுக்கும். அப்படி ஓட்டினால் "--படம் கட்டாயம் தேவை" என்று நிரல் நின்றுவிடுகிறது. படம் கட்டளையில் இருக்கிறது, நான் கண்ணால் பார்க்கிறேன். கையால் "டி:\ஆர்டர்" என்று அடித்தால் பிரச்சினை இல்லை.

மூன்று. --படம் என்பதற்குக் கொடுக்கும் பெயரை, டிசைனர் அனுப்பிய ஃபோல்டரில் இருக்கும் கோப்புப் பெயர்களோடு ஒப்பிடுகிறேன். மயில், தாமரை, சூரியகாந்தி, விநாயகர் எல்லாம் கிடைக்கிறது. கோபுரம், ரோஜா, கொடிமுல்லை, கௌரி இவை மட்டும் "அப்படி ஒரு படம் இல்லை". விண்டோஸ், உபுண்டு இரண்டிலும் இதே கதை. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கோபுரம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஒற்று, சந்தி எதிலும் குறை இல்லை.

ஆர்க்பார்ஸை விட்டுவிட்டு சிஸ்.ஆர்க்வியை (கட்டளையின் துண்டுகள் வந்து சேரும் பட்டியல்) நானே ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினால் இதெல்லாம் தீருமா? இல்லை, தமிழ் ஆப்ஷன் என்பதே நடக்காத காரியமா?


குறுநிரல்:

மேடம், கன்சோலே எதற்கு? ஒரு சின்ன விண்டோ, நாலு பெட்டி, ஒரு பட்டன். பைத்தானோடு வரும் டிகேஇன்டர் போதும். டிடிபி ஆட்களைக் கறுப்புத் திரை முன்னால் உட்கார வைப்பது பாவம்.

கன்சோல்தான் வேண்டும் என்றால் கோ மொழியில் எழுதிப் பாருங்கள். அதனுடைய ஃபிளாக் தொகுப்பில் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் ஒன்றுதான், சுருக்க ஆப்ஷனோடு மதிப்பை ஒட்டி எழுதும் வழக்கமே கிடையாது. "-கா80" என்று கொடுத்தால் அப்படி ஒரு ஃபிளாக் இல்லை என்று அங்கேயே நின்றுவிடும், ா80 எல்லாம் வராது. ஒன்று மட்டும் கவனம்: கோடு இல்லாத முதல் சொல்லைக் கண்டதும் அதற்குப் பின்னால் வரும் ஃபிளாக் எதையும் அது பார்க்காது.


பழைய_டெர்மினல்:

விண்டோ போடுங்கள் என்று சொல்வது சுலபம். ஐம்பது ஆர்டர் வரிசையாக ஓட்ட வேண்டியவர்களுக்குப் பெட்டி பெட்டியாக மௌஸ் நகர்த்துவதுதான் பாவம். இந்தம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் மூன்று சிக்கலுக்கும் மருந்து வேறு வேறு, ஆனால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். நீங்கள் கீபோர்டில் அடித்தது நிரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பல கை மாறுகிறது. வந்து சேர்ந்தது என்ன என்று யாரும் பார்ப்பதில்லை, நேராக ஆர்க்பார்ஸைத் திட்டுகிறோம். நிரலின் முதல் வரியாக ஒரு சோதனை வையுங்கள். ஆர்க்வியில் இருக்கும் ஒவ்வொரு துண்டையும் தனித்தனி வரியில், இரண்டு பக்கமும் சதுர அடைப்பு போட்டு அச்சிடுங்கள். பக்கத்திலேயே ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் பத்தடிமான எண்ணாக அச்சிடுங்கள், "ஆர்ட்" என்ற பைத்தான் சார்பு அதைத் தரும். எழுத்தை மட்டும் அச்சிட்டால் போதாது. விண்டோஸ் 10-இன் பழைய கன்சோல் தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும், அதை வைத்து உள்ளே இருப்பதும் கெட்டுவிட்டது என்று நினைக்கக் கூடாது. எண் பொய் சொல்லாது.

இனி மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் ருசியானது. உங்கள் பட்டியலையே பாருங்கள். மயில், தாமரை கிடைக்கிறது. கோபுரம், ரோஜா, கொடிமுல்லை, கௌரி கிடைக்கவில்லை. கிடைக்காததில் எல்லாம் ஒ, ஓ, ஔ உயிர்மெய் இருக்கிறது. யூனிகோடில் இந்த மூன்று குறியையும் இரண்டு விதமாக எழுதலாம். "கோ" என்பதை 2965, 3019 என்று இரண்டு எண்ணாக எழுதலாம். 2965, 3015, 3006 என்று மூன்றாகவும் எழுதலாம், அதாவது க, ஏகாரக் குறி, பிறகு கால். திரையில் இரண்டும் ஒரே கோ. ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு சரம்.

உங்கள் கீபோர்டு சேர்ந்த வடிவத்தைத் தருகிறது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு, கோப்புப் பெயரை எப்போதும் பிரித்தே எழுதி வைக்கும். அங்கிருந்து ஜிப் ஆகி வந்தால் பிரிந்தபடியே வரும். விண்டோஸின் என்டிஎஃப்எஸும் சரி, உபுண்டுவின் இஎக்ஸ்டி4-ம் சரி, வந்ததை வந்தபடி வைத்துக்கொள்ளும், சேர்த்து வைக்காது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி உதைப்பது அதனால்தான்.

மருந்து: பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுப்பில் நார்மலைஸ் இருக்கிறது, அதற்கு என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) என்று சொல்லுங்கள். ஆர்க்வியை ஆர்க்பார்ஸிடம் கொடுக்கும் முன் எல்லாத் துண்டையும் அதில் ஒருமுறை போட்டு எடுங்கள். ஃபோல்டரில் இருக்கும் பெயர்களையும் அதே மாதிரி போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை. பொருந்தியது எது என்று தெரிந்ததும், கோப்பைத் திறக்க ஃபோல்டர் தந்த அசல் பெயரையே பயன்படுத்துங்கள். என்எஃப்சி ஆக்கிய பெயரைக் கொண்டு திறக்கப் போனால், அப்படி ஒரு கோப்பு இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் வட்டில் அப்படி ஒன்று இல்லை.

கூடவே இன்னொன்று. ஆப்ஷன் பெயரில் "--கோப்பு" மாதிரி ஏதாவது வைத்தீர்களானால், நிரலுக்குள் அதை எடுக்கும் மாறியின் பெயரை "டெஸ்ட்" (dest) என்ற அளவுரு வழியாக ஆங்கிலத்தில் கொடுத்துவிடுங்கள். பெப் 3131 என்ற பைத்தான் மொழி ஆவணத்தின்படி, பைத்தான் தன் மாறிப் பெயர்களைத் தானே என்எஃப்கேசி என்ற சேர்ந்த வடிவமாக ஆக்கிக்கொள்ளும். சரமாகக் கொடுத்த ஆப்ஷன் பெயரைத் தொடாது. உங்கள் எடிட்டர் பிரிந்த வடிவத்தில் சேமித்திருந்தால் ஒரே சொல்லுக்கு நிரலுக்குள்ளேயே இரண்டு பெயர் ஆகிவிடும். அந்தப் பிழையைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, விண்டோஸ். லினக்ஸில் கட்டளையைத் துண்டு போடுவது ஷெல். துண்டுகளை வரிசையாகக் கர்னலிடம் கொடுக்கும், நிரல் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். விண்டோஸில் கட்டளை முழுவதும் ஒரே நீளச் சரமாக நிரலுக்குள் போகிறது, அங்கே போனபிறகுதான் சி ரன்டைம் அதைத் துண்டு போடுகிறது. அதற்கு ஒரு வினோதமான விதி. பின்சாய்வுகள் சும்மா நடுவில் வந்தால் அப்படியே இருக்கும். இரட்டை மேற்கோளுக்கு நேர் முன்னால் வந்தால் கதை மாறும். அவை இரட்டைப்படையில் இருந்தால் பாதியாகக் குறைந்து, மேற்கோள் தன் வேலையைச் செய்யும். ஒற்றைப்படை என்றால் கடைசிப் பின்சாய்வு மேற்கோளை வெறும் எழுத்தாக்கிவிடும்.

பேட்ச் கோப்பு தான் இருக்கும் இடத்தைச் சொல்லும்போது கடைசியில் பின்சாய்வு போட்டுத்தான் சொல்லும். அதை மேற்கோளுக்குள் வைத்தீர்கள், "டி:\ஆர்டர்\" என்று ஆயிற்று. மூடும் மேற்கோள் மூடவில்லை. அதன் பின்னால் வந்த --படம், மயில் எல்லாம் சேர்ந்து வெளியீட்டு ஃபோல்டரின் பெயருக்குள் போய்விட்டன. உங்கள் நிரல் படத்தைக் காணோம் என்றது நியாயம்தான். பேட்ச் கோப்பில், மூடும் மேற்கோளுக்கு முன் ஒரு புள்ளி வையுங்கள். "டி:\ஆர்டர்\." என்பதும் அதே ஃபோல்டர்தான். நிரலிலும் ஒரு காவல் போடலாம்: விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் இரட்டை மேற்கோள் வரவே முடியாது. ஆக --வெளியீடு மதிப்பில் அது தென்பட்டால், "ஃபோல்டர் பெயரின் கடைசியில் உள்ள சாய்கோட்டை எடுங்கள்" என்று தமிழிலேயே சொல்லி நிறுத்திவிடுங்கள்.

பேட்ச் கோப்புக்குள் தமிழ் இருந்தால் முதல் வரியில் சிஎச்சிபி 65001 (கன்சோலை யூடிஎஃப்-8-க்கு மாற்றும் கட்டளை) போட்டிருக்கிறீர்களா? கோப்பை யூடிஎஃப்-8 ஆக, பாம் (BOM, கோப்பின் தொடக்கத்தில் வரும் கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாமல் சேமிக்க வேண்டும். பாம் இருந்தால் முதல் வரியே உதைக்கும்.

இனி ா80. இதில் தப்பு ஆர்க்பார்ஸ் மேலும் இல்லை, அக்கா மேலும் இல்லை. ஒற்றைக் கோட்டு ஆப்ஷன் என்றால் கோட்டுக்கு அடுத்து வரும் ஒரே ஒரு யூனிகோட் எண்தான் ஆப்ஷன், மீதி எல்லாம் அதன் மதிப்பு. இது யூனிக்ஸ் மரபு. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு எண். தமிழில் "கா" இரண்டு எண்: க, கால். "-கா" என்று முழுதாக, தனியாக வந்தால் நீங்கள் பதிவு செய்த பெயரோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது, பிழைத்தது. "-கா80" என்று வந்தால் அப்படிப் பொருந்தும் பெயர் கிடையாது. உடனே முதல் இரண்டு குறியை, அதாவது -க என்பதை, எடுத்துப் பார்க்கிறது. இருக்கிறது, கடை! மீதி "ா80" கடையின் பெயர். கண்டக்டர் "கா" என்று சொல்லி முடிக்கும் முன், "க" கேட்டதுமே பஸ்ஸை நிறுத்துகிற டிரைவர் மாதிரி.

இடைவெளி விடச் சொல்லி அக்காவுக்குப் பாடம் எடுக்காதீர்கள். சுருக்க ஆப்ஷன்களைத் தமிழில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். உயிரெழுத்தும் அகர உயிர்மெய்யும் மட்டும் வைக்கிறேன் என்று சமாளிக்கலாம். நாளைக்கு இன்னொரு ஆப்ஷன் சேர்க்கும்போது மறுபடி இதே பள்ளம். நீளப் பெயர்கள் தமிழில் இருக்கட்டும், அவை நன்றாகவே வேலை செய்யும். ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு மாற்றுப் பெயரும் சேர்த்துவையுங்கள். தமிழ் கீபோர்டு இல்லாத மெஷினில் நீங்களே ஓட்ட வேண்டிய நாள் வரும். சுருக்கமே இல்லையென்றால் "-கா80" தெரியாத ஆப்ஷன் என்று நிரல் நின்றுவிடும். அதுதான் நமக்கு வேண்டும். தப்பான பெயரோடு அச்சுக்குப் போன மூவாயிரம் காலண்டரை விட, ஓட மறுக்கும் நிரல் மேல்.

"அலவ்_அப்ரிவ்" என்பதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீளப் பெயரின் தொடக்கம் மட்டும் அடித்தாலும் ஆர்க்பார்ஸ் ஊகித்துக்கொள்ளும். இதை அணைக்கும் வசதி 3.5-இலிருந்து இருக்கிறது. ஊகம் யூனிகோட் எண் கணக்கில் நடக்கும், எழுத்துக் கணக்கில் இல்லை. பிரிந்த வடிவத்தில் இருக்கும் "--கோப்பு"வுக்கு "--கே" என்பதும் தொடக்கம்தான்!

ஆர்க்வியை நானே பிரிக்கட்டுமா என்றீர்கள். வேண்டாம். மேலே சொன்ன மூன்றில் இரண்டு, நீங்கள் எழுதும் பிரிப்பானுக்கும் அப்படியே வந்து சேரும்.

கேட்காத யோசனை ஒன்று. கடைப் பெயரை ஏன் கட்டளையில் அடிக்கிறீர்கள்? "அண்ட் சன்ஸ்" என்பதற்குப் போடும் & குறி மேற்கோளுக்கு வெளியே வந்தால் விண்டோஸில் கட்டளை இரண்டாக உடையும், லினக்ஸில் பின்னணிக்குப் போய்விடும். "50% தள்ளுபடி" என்று பேட்ச் கோப்பில் எழுதினால் சதவீதக் குறி காணாமல் போகும். பெயர், முகவரி, போன் மூன்றையும் ஒரு ஆர்டர் கோப்பில் வரி வரியாக வைத்து, --ஆர்டர் என்று கோப்பின் பெயரை மட்டும் கொடுங்கள். ஆர்க்பார்ஸிலேயே @ குறி போட்டுக் கோப்பிலிருந்து ஆப்ஷன்களை வாசிக்கும் வசதி உண்டு, அதை நம்பாதீர்கள். உங்களுடையது 3.11. விண்டோஸில் 3.12-க்கு முன்னால் அது கோப்பை யூடிஎஃப்-8 ஆக எடுக்காது, தமிழ் குதறிப்போகும். நீங்களே திறந்து, என்கோடிங் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்து வாசியுங்கள். நோட்பேட் பாம் போட்டுச் சேமித்திருந்தாலும் அது விழுங்கிக்கொள்ளும்.


சிவகாசி_அட்டை:

சார், கோடி நன்றி. ஆர்க்வியை எண்ணோடு அச்சிட்டதும் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. வெளியீடு என்ற ஒரே துண்டுக்குள் "டி:\ஆர்டர்" --படம் மயில்..." என்று மேற்கோளோடு மொத்தக் கட்டளையும் உட்கார்ந்திருந்தது. பேட்ச் கோப்பில் புள்ளி வைத்தேன், தீர்ந்தது. சுருக்க ஆப்ஷன்களைத் தூக்கிவிட்டேன். அக்கா "ஏன் தூக்கினே, எனக்குப் பழகிடுச்சே" என்று ஒரு நாள் பேசவில்லை, இப்போது பரவாயில்லை.

கோபுரம், ரோஜா, கொடிமுல்லை மூன்றும் கிடைக்கிறது. கௌரி மட்டும் இன்னும் அடம் பிடிக்கிறாள். எண்களைப் போடுகிறேன்:

நான் அடித்தது: 2965 3020 2992 3007
கோப்பின் பெயர்: 2965 3014 2995 2992 3007

இதில் 2995 என்ன? இதையும் என்எஃப்சி சேர்க்க வேண்டாமா?

இன்னும் இரண்டு சின்ன விஷயம். உதவி கேட்டால் ஆர்க்பார்ஸ் காட்டும் பட்டியலில் வலது பக்க விளக்கம் கோணல் மாணலாக வருகிறது, ஒரு வரி உள்ளே, ஒரு வரி வெளியே. அப்புறம், எண்ணிக்கைக்கு அக்காக்கள் "1,500" என்று காற்புள்ளி போட்டு அடிக்கிறார்கள். அது எண் இல்லை என்று ஆர்க்பார்ஸ் ஆங்கிலத்தில் கத்துகிறது. ஒருவர் விளையாட்டாகத் தமிழ் எண்ணில் ௧௫௦௦ என்று அடித்துப் பார்த்தார், அது ஓடிவிட்டது! எப்படி?


சிமொழி_பித்தன்:

பைத்தான்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். சி-யில் ஆப்ஷன்களைப் பிரிக்கும் கெட்ஆப்ட் என்றால் சுருக்க ஆப்ஷன் ஒரே ஒரு பைட். அது 1985-இல் ஏடி அண்ட் டி டல்லாஸ் யூனிஃபோரம் மாநாட்டில் எல்லோருக்கும் கொடுத்த காலத்துச் சரக்கு, அப்போது யூனிகோடே கிடையாது. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட், எல்லாம் 224 என்ற பைட்டில்தான் தொடங்கும். "-க" கொடுத்தால் மூன்று தெரியாத ஆப்ஷன் என்று மூன்று வரி திட்டு வாங்குவீர்கள். கெட்ஆப்ட்_லாங் வழியாக "--கடை" என்று நீளப் பெயர் வைத்தால் ஓடும், அது பைட் பைட்டாக ஒப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

விண்டோஸில் சி எழுதினால் சாதா மெயினை நம்பாதீர்கள். தமிழுக்கு ஏஎன்எஸ்ஐ கோட்பேஜ் (விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணை) என்று ஒன்று இல்லவே இல்லை, ஆர்க்வியில் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். டபிள்யூமெயின் எழுதுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, நிரலின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கலாம்.


பழைய_டெர்மினல்:

2995 என்பது ள. உங்கள் டிசைனர் ஔகாரக் குறி போடாமல் எகரக் குறி போட்டு, பக்கத்தில் ள எழுத்தையே அடித்திருக்கிறார். பார்வைக்கு ஒன்றுதான். பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்களில் பழகிய கை அப்படித்தான் அடிக்கும், மாற்றிகளும் அப்படி மாற்றித் தருவது உண்டு. ஔகாரக் குறியின் சரியான வால் 3031, பார்க்க ள மாதிரியே இருக்கும் தனிக் குறி. 3014-ம் 3031-ம் வந்தால் என்எஃப்சி சேர்த்து 3020 ஆக்கும். 3014-ம் 2995-ம் வந்தால் அது எழுத்துப் பிழை. அதைத் தொட என்எஃப்சிக்கு அதிகாரம் இல்லை.

இதைப் பார்த்ததும் "கெள" எங்கே வந்தாலும் "கௌ" ஆக்கிவிடுகிறேன் என்று கை பரபரக்கும். வேண்டாம். கெளுத்தி என்னாவது? எல்லா மெய்க்கும் செய்தால் வெள்ளியும் தெளிவும் நாசம். கோப்பின் பெயரை ஒருமுறை மாற்றி வையுங்கள். நிரலில், படம் கிடைக்காதபோது நெருங்கிய பெயரைக் காட்டச் செய்யலாம். பைத்தானோடு வரும் டிஃப்லிப்பில் கெட்_குளோஸ்_மேட்சஸ் இருக்கிறது. "கௌரி இல்லை. கெளரி என்று ஒன்று இருக்கிறது, அதுவா?" என்று கேட்கும் தூரத்தில்தான் இரண்டும் இருக்கின்றன. கேட்கட்டும், தானாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிட்டும் பொருந்தாமல் போகும் பெயர்களில் 8204 என்ற எண் தென்படுகிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கி அது, என்எஃப்சி அதையும் விட்டுவைக்கும். தமிழில் பெரும்பாலும் அதற்கு வேலை கிடையாது, தைரியமாக நீக்கலாம். யாராவது வாட்ஸப்பிலோ வேர்டிலோ கட்டளையை எழுதி, அங்கிருந்து ஒட்டினால் 8211, 8212 வரும். இரண்டு கோடு சேர்ந்து ஒரு நீளக் கோடாகிவிட்டது என்று அர்த்தம். சாதாரணக் கோடு 45.

உதவிப் பட்டியல் கோணல்: ஆர்க்பார்ஸ் சரத்தின் நீளத்தை எண்ணி இடைவெளி விடுகிறது. "எண்ணிக்கை" நமக்கு ஐந்து எழுத்து, பைத்தானுக்கு ஒன்பது. சரிசெய்யலாம், ஆனால் கன்சோலுக்குக் கன்சோல் தமிழின் அகலம் மாறுவதால் முழுசாக நேராகாது. நான் என்றால் அதன் உதவியை அணைத்துவிட்டு, பத்து வரியில் கையாலேயே எழுதிவிடுவேன்: ஆப்ஷன் ஒரு வரி, விளக்கம் அடுத்த வரியில் உள்தள்ளி. நேர்க்கோட்டில் நிற்க வேண்டிய அவசியமே வராது. சுவரில் ஒட்டிய தாளில் நீங்கள் எழுதியதையே போடுங்கள், அவர்களுக்கு அது பழகிய வாசகம். பிழைச் செய்தி தமிழில் வேண்டுமென்றால் ஆர்க்பார்ஸின் பார்சரிலிருந்து உங்கள் வகுப்பொன்றைப் பெற்று, அதில் எரர் என்ற சார்பை மட்டும் மாற்றி எழுதுங்கள். வெளியேறும் எண்ணை 2 ஆகவே விடுங்கள். பேட்ச் கோப்பு அதைப் பார்த்து நிற்கலாம்.

எண்ணிக்கை: ஆர்க்பார்ஸில் டைப் என்ற இடத்தில் இன்ட் கொடுத்திருப்பீர்கள். அங்கே உங்கள் சொந்தச் சார்பு ஒன்றை வையுங்கள், காற்புள்ளியை நீக்கிவிட்டு இன்ட்டிடம் கொடுக்கட்டும். ௧௫௦௦ ஓடியதற்குக் காரணம், யூனிகோடில் பதின்ம இலக்கம் என்று குறித்த எதையும் பைத்தானின் இன்ட் ஏற்கும், ௦ முதல் ௯ வரை அந்த வகை. பழைய முறையில் ௲௫௱ என்று எழுதினால் ஏற்காது. பத்து, நூறு, ஆயிரக் குறிகள் இலக்கம் அல்ல, வேறு வகையில் இருக்கின்றன.

காற்புள்ளியை நீக்கும் முன் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். "1,500" சரி, "1,00,000" சரி. "15,00" என்று யாராவது அடித்தால் ஆயிரத்து ஐந்நூறா, பதினைந்தாயிரத்தில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனதா? கடைசி மூன்று இலக்கம் தனியாக இல்லையென்றால் நிரல் நிற்கட்டும். பெரிய எண்ணிக்கை வந்தால் படம், எண்ணிக்கை, கடைப் பெயர் மூன்றையும் ஒரு வரியில் காட்டி, என்டர் தட்டச் சொல்லுங்கள். வரிசையாக ஐம்பது ஆர்டர் ஓட்டும்போது அந்த என்டர் தொல்லை என்று அக்கா சொன்னால், --கேட்காதே என்று ஒரு ஆப்ஷன் வைத்துக் கொடுங்கள். அதற்கு மதிப்பு எதுவும் வேண்டாம், "ஸ்டோர்_ட்ரூ" போதும். டைப் என்பதில் பூல் கொடுத்துவிடாதீர்கள். "ஃபால்ஸ்" என்று எழுதி அனுப்பினாலும் அது வெற்றுச் சரம் இல்லை என்பதால் பைத்தான் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.